டயர் லைட் எரியவில்லை. காற்று சரியாக இருக்கிறதா?

கம்ப்யூட்டர் நம் மேஜையோடு நின்றுவிடவில்லை. காருக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. என்ஜினைக் கவனிக்க ஒரு கம்ப்யூட்டர், பிரேக்கைக் கவனிக்க ஒன்று, ஏர் பேக்கிற்கு ஒன்று என்று பல சிறிய கம்ப்யூட்டர்கள் ஒரே காரில் இயங்குகின்றன. டயரில் இருக்கும் காற்றைக் கவனிக்கவும் ஒரு சிஸ்டம் உண்டு. டயர் பிரஷர் மானிட்டரிங் சிஸ்டம் என்பது அதன் பெயர். சுருக்கமாக டி.பி.எம்.எஸ். என்பார்கள். காற்று குறைந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரியும். வாய் திறந்த பானைக்குள் ஓர் ஆச்சரியக்குறி போட்டது போல அந்தப் படம் இருக்கும்.

இப்படி ஒரு சிஸ்டம் இருக்கும்போது, பழைய காலம் போல மீட்டரை வைத்துக் காற்றைச் சோதிக்க வேண்டுமா? பலரும் கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், போன குற்றாலம் சீசன் வரை.

இலஞ்சி டீக்கடையில்

எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் போதும், ஊரில் உள்ள எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள்தான். ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து என் மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. முதல் நாள் ஐந்தருவியில் குளியல். மறுநாள் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலை போய் வரலாம் என்று திட்டம். காரில் பெரியவர்கள் நான்கு பேர், பின் சீட்டில் நடுவே என் மகள், டிக்கி நிறையப் பைகள், சாப்பாட்டுக் கூடை.

காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம். இலஞ்சி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் வந்திருப்போம். டீக்கடைக்கு அடுத்து ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். பிரஷ்ஷால் பல் தேய்த்துக்கொண்டே என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பின்னாடி ரெண்டு டயரும் உக்காந்துருக்கே. காத்துப் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"லைட் ஒண்ணும் எரியலையே அண்ணாச்சி. குறைஞ்சா வண்டியே சொல்லிரும்."

"வண்டி சொல்லுதது இருக்கட்டும். மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம், வாங்க."

மீட்டரை எடுத்து வந்து வரிசையாக நான்கு டயர்களிலும் வைத்தார். முன் இடது 26, முன் வலது 25, பின் இடது 25, பின் வலது 26. என் காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் சாதாரண லோடுக்கு நான்கிலும் 33, முழு லோடுக்குப் பின் டயர்களில் 36 என்று போட்டிருக்கிறது. அன்று எங்களுடையது முழு லோடு. அதாவது பின் இடது டயரில் 11 பி.எஸ்.ஐ. குறைவு. அந்த நிலையில்தான் மழையில் நனைந்த புளியரை 'எஸ்' வளைவில், கேரளா போகும் லாரிகளுக்கு நடுவே, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகவிருந்தேன்.

டேஷ்போர்டில் விளக்கு எரியவே இல்லை.

"ஸ்டெப்னியையும் எடுங்க" என்றார் அண்ணாச்சி. அதில் 14 இருந்தது.

நான்கு டயர்களிலும் ஸ்டெப்னியிலும் காற்று நிரப்பிக்கொண்டு போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பினோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த விளக்கு ஏன் எரியவில்லை? சிஸ்டம் பழுதா? இல்லை. சிஸ்டம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதன் வேலை என்ன என்பதைத்தான் நான் தவறாகப் புரிந்து வைத்திருந்தேன். என்னைப் போல் நினைப்பவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் இங்கு விளக்கமாக எழுதுகிறேன்.

இந்த விளக்கு எப்படி வந்தது?

அமெரிக்காவில் 1990களில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் சில, ஓடும்போதே மேற்பகுதி உரிந்து வந்தன. வண்டிகள் உருண்டன. 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் தயாரிப்பில் குறையா, வண்டியின் அமைப்பில் குறையா, குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டியது காரணமா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. அந்த ஆண்டு நவம்பரில் டிரெட் ஆக்ட் என்ற சட்டம் வந்தது. காற்று குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் சாதனம் புதிய கார்களில் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம்.

நம் நாட்டில் இது வேறு வழியில் பிரபலமானது. டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் கிட், டி.பி.எம்.எஸ். ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. 2020 அக்டோபர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. உங்கள் காரில் ஸ்டெப்னி இல்லை என்றால், நான்கு டயர்களின் காற்றை நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னும் அவசியம். மாற்றுவதற்கு ஐந்தாவது டயர் இல்லையே!

எந்த அளவில் எரியும்?

இதுதான் முக்கியமான விஷயம். அமெரிக்க விதியின்படி, நிறுவனம் பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்த பிறகு எச்சரித்தால் போதும். அப்படிக் குறைந்த பின்னரும் 20 நிமிட ஓட்டத்துக்குள் விளக்கு எரிந்தால் சரி. ஐரோப்பிய விதி இன்னும் கொஞ்சம் கடுமையானது. 20 சதவீதக் குறைவில் எச்சரிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பரிந்துரை 33 என்றால் 25 சதவீதம் குறைந்த அளவு 24.75. என் டயர்களில் இருந்தது 25, 26. அமெரிக்க அளவுகோலின்படி நான் இன்னும் எல்லைக்குள்தான் இருந்தேன்! ஐரோப்பிய அளவுகோலின்படி எல்லை 26.4. அப்போதும் 27 பி.எஸ்.ஐ.யில் ஓடும் கார் ஒரு சத்தமும் கொடுக்காது. ஆறு பி.எஸ்.ஐ. குறைவாக மாதக்கணக்கில் ஓடலாம்.

நம் கம்ப்யூட்டரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் டாஸ்க் பாருக்கு மேல் 'லோ டிஸ்க் ஸ்பேஸ்' என்று ஒரு பலூன் எழுந்து வரும், நினைவிருக்கிறதா? டிரைவில் 200 எம்.பி.க்கும் குறைவான இடம் இருக்கும்போதுதான் அது வரும். அந்தப் பலூன் வரவில்லை என்பதால் டிரைவில் தாராளமாக இடம் இருக்கிறது என்று பொருள் இல்லை. அதற்கு வெகு முன்பே கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்திருக்கும். டயர் விளக்கும் அதைப் போலத்தான். ஆபத்து நெருங்கிவிட்டது என்று சொல்வது அதன் வேலை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வது அதன் வேலை அல்ல.

இரண்டு வகை சிஸ்டங்கள்

டி.பி.எம்.எஸ். இரண்டு வகைப்படும். உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நேரடி வகை: ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வை ஒட்டி ஒரு சிறிய சென்சார் இருக்கும். அது காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோ அலை மூலம் காருக்கு அனுப்பும். இதற்கான அலைவரிசை அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸ். டேஷ்போர்டில் நான்கு டயர்களுக்கும் தனித்தனியாக எண் காட்டினால் அது பெரும்பாலும் நேரடி வகையாகத்தான் இருக்கும். சென்சாருக்குள் பட்டன் வடிவ லித்தியம் பேட்டரி உண்டு. 5 முதல் 10 ஆண்டுகள் வரை வரும். பல சென்சார்களில் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. சென்சாரையே மாற்ற வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த, கார் நிற்கும்போது பல சென்சார்கள் தூங்கிவிடும். எனவே காலையில் காரை ஸ்டார்ட் செய்தவுடன் தெரியும் எண், முதல் நாள் கடைசியாக அனுப்பிய எண்ணாக இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓடிய பிறகே புதிய எண் வரும்.

மறைமுக வகை: இதில் காற்றை அளக்கும் சென்சாரே கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் இது எல்லாப் புதிய கார்களிலும் இருக்கும். காற்று குறைந்த டயரின் சுற்றளவு துளி குறையும். எனவே அது மற்ற டயர்களைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இருக்காது. அதைச் சாப்ட்வேர் கண்டுபிடித்து விளக்கைப் போடுகிறது. கூடுதல் சாதனம் இல்லாமல் சாப்ட்வேர் மூலமே ஒரு வேலையை முடிக்கும் அருமையான யோசனை இது. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இதன் வழி. நான்கு டயர்களும் ஒரே சீராகக் குறைந்தால் வித்தியாசம் தெரியாது. புதிய சிஸ்டங்களில் டயரின் அதிர்வையும் ஆராய்ந்து இதை ஓரளவு கண்டுபிடிக்கிறார்கள். பழையவற்றில் அது இல்லை. இரண்டாவது, ரீசெட். காற்று நிரப்பிய பின் ரீசெட் பட்டனை அழுத்தினால், 'இப்போது உள்ள நிலைதான் சரியான நிலை' என்று சிஸ்டம் மனப்பாடம் செய்துகொள்ளும். காற்று குறைவாக இருக்கும்போது ரீசெட் செய்தால், குறைவான நிலையையே சரி என்று கற்றுக்கொள்ளும். தவறான பாஸ்வேர்டைச் சேமித்து வைத்துவிட்டு, ஏன் லாகின் ஆகவில்லை என்று விழிப்பது போலத்தான்.

என் காரில் நடந்தது என்ன?

என் காரில் இருப்பது மறைமுக வகை. வீட்டுக்கு வந்து சர்வீஸ் பில்லை எடுத்து, நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

மே மாதம், கத்திரி வெயில். தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்று காரைச் சர்வீஸுக்கு விட்டேன். இறங்கியவுடன் நல்ல சூட்டில் இருந்த டயர்களில் 33 வைத்து, ரீசெட்டும் செய்து கொடுத்தார்கள். நானும் வீட்டுக்கு வந்து சோதிக்கவில்லை. அது என் தவறு.

சூடான காற்று விரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். டயருக்குள் காற்று 55 டிகிரி செல்சியஸில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அப்போது 33 காட்டிய அதே டயர், சாரல் விழும் காலையில் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 28.5தான் காட்டும். ஒரு பொட்டுக் காற்றும் வெளியேறாமலே நாலரை பி.எஸ்.ஐ. போய்விட்டது! அடுத்து, நல்ல டயரிலும் ரப்பர் வழியாக மாதம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை கசியும். மே மாதத்திலிருந்து ஜூலை வரை இரண்டரை மாதத்தில் 3 குறைந்தால் 25.5. அண்ணாச்சியின் மீட்டர் காட்டியது 25, 26. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

நான்கும் ஒன்றாகக் குறைந்தன. ரீசெட்டும் தவறான நேரத்தில் நடந்தது. சிஸ்டம் எப்படிச் சொல்லும்?

நினைவில் வைத்துக்கொள்ள ஓர் எளிய விதி: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். கத்திரி வெயிலில் காற்று பிடித்துவிட்டு, அப்படியே சீசனில் குற்றாலத்துக்கு வருபவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

குறைந்தால் என்ன ஆகும்?

மைலேஜ் குறையும் என்பார்கள். உண்மைதான். நான்கு டயர்களிலும் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் செலவில் சுமார் 0.2 சதவீதம் பாதிப்பு என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. என் விஷயத்தில் ஏழெட்டு பி.எஸ்.ஐ. என்றால் ஒன்றரை சதவீதம். 40 லிட்டர் போட்டால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இது பெரிய நஷ்டம் இல்லை. உண்மையான ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, சூடு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடாவது போல டயரும் உள்ளுக்குள் சூடாகும். முழு லோடு, நீண்ட ஓட்டம், வேகம் மூன்றும் சேர்ந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரியத் தொடங்கும். திருமங்கலம் வரை நேராக மிதித்துப் போகும்போது டயர் வெடிப்பது இப்படித்தான். கவனியுங்கள், வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதிகக் காற்று அல்ல; குறைந்த காற்று.

இரண்டு, மழை. சாலையில் தண்ணீர் நிற்கும்போது டயர் அதைப் பிதுக்கித் தள்ளிவிட்டுத் தரையைப் பிடிக்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அது முடியாமல் தண்ணீரின் மேலேயே மிதக்கும். ஸ்டியரிங், பிரேக் இரண்டும் பேச்சைக் கேட்காது. ஹைட்ரோபிளேனிங் என்று இதைச் சொல்வார்கள். விமான டயர்களை வைத்து நாசா 1960களில் கண்ட ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 33 பி.எஸ்.ஐ.க்கு சுமார் 96. 25 பி.எஸ்.ஐ.க்கு சுமார் 83. காருக்கு அப்படியே பொருந்தும் எண்ணாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். டயரின் பள்ளம், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். ஆனால் காற்று குறையக் குறைய, பாதுகாப்பான வேகமும் குறைகிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

சோதிப்பது எப்படி?

இப்போது நான் செய்து வரும் முறை இது. ஐந்து நிமிட வேலைதான்.

1. ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசம்தான்; ஆனால் எல்லா பங்க் மீட்டரும் ஒரே மாதிரி காட்டுவதில்லை. நான் ஒரே காலையில் என் மீட்டரிலும் இரண்டு பங்க்குகளிலும் பார்த்தேன். 33, 31, 35 என்று மூன்று விடைகள் வந்தன. எப்போதும் ஒரே மீட்டரில் பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும்.

2. சரியான அளவைக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டையில் பாருங்கள். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதை வைக்கக் கூடாது. அட்டையில் 2.3 பார் அல்லது 230 கிலோ பாஸ்கல் என்று இருந்தால் அது சுமார் 33 பி.எஸ்.ஐ. ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

3. டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். காலையில் கிளம்பும் முன் பார்ப்பது மிக நல்லது. வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டும்.

4. சூடான டயரில் அதிகம் காட்டினால் காற்றைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்ததும் குறைந்துவிடும். சூடான டயரிலேயே குறைவாகக் காட்டினால், அட்டை அளவுக்கு மேல் 3 அல்லது 4 சேர்த்து நிரப்பி, மறுநாள் காலை சரி செய்திடுங்கள்.

5. குடும்பத்தோடு முழு லோடில் போகும்போது அட்டையில் அதற்கென்று உள்ள அளவை வையுங்கள். 'கூட்டம் ஏறுது, நாற்பதா வைங்க' என்று சொல்ல வேண்டாம். அளவுக்கு மீறினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். நனைந்த சாலையில் பிடிமானம் குறையும். கம்பெனி பொருத்தித் தரும் பல சிஸ்டங்கள் அதிகக் காற்றுக்கு எச்சரிக்கை தருவதில்லை.

6. ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் டி.பி.எம்.எஸ். அதைக் கவனிப்பதே இல்லை. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதற்குப் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. தேவை; அதன் மேலேயே எழுதியிருக்கும்.

7. வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் வால்வு பின் கசிகிறது. மூடியைத் தவறாமல் போடுங்கள்.

8. எல்லாம் முடித்த பிறகு, மறைமுக வகை என்றால் ரீசெட் செய்திட வேண்டும். நான்கிலும் குளிர்ந்த நிலையில் சரியான அளவு இருக்கும்போது மட்டும்தான் இந்தப் பட்டனில் கை வைக்க வேண்டும். மஞ்சள் விளக்கை அணைப்பதற்காக ரீசெட் செய்வது, வைரஸ் எச்சரிக்கை வருகிறதென்று ஆன்டிவைரஸை நீக்குவதற்குச் சமம்.

எக்செல் கண்டுபிடித்த ஆணி

நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். முதல் காலத்தில் தேதி. அடுத்த நான்கில் நான்கு டயர்கள். ஆறாவதில் ஸ்டெப்னி. ஏழாவதில், நான்கு டயர்களில் அதிகமான எண்ணிலிருந்து குறைவான எண்ணைக் கழிக்கும் ஃபார்முலா. 31க்குக் கீழே போகும் கட்டம் மஞ்சளாக மாறும்படி கண்டிஷனல் பார்மட்டிங் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அளக்கச் சொல்லி மொபைல் போன் காலண்டரில் ஒரு நினைவூட்டலும் வைத்தேன்.

மூன்றாவது வாரம் ஏழாவது காலத்தில் 5 என்று வந்தது. மற்ற மூன்று டயர்களும் 33, 32 என்று இருக்க, பின் வலது டயர் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கி 28க்கு வந்திருந்தது. விளக்கு அப்போதும் எரியவில்லை. இலஞ்சி அண்ணாச்சியிடமே போனேன். டயரைத் தண்ணீரில் வைத்துச் சுற்றினார். பள்ளத்துக்குள் தலை மறைந்து ஒரு சிறிய ஆணி. ஆணி அங்கேயே அடைத்துக்கொண்டிருந்ததால் கசிவு மெதுவாக இருந்தது. கழன்று விழுந்திருந்தால் நடுவழியில் நின்றிருப்போம்.

"லைட்டுக்காரன் இதையும் சொல்லலையோ?" என்று சிரித்தார்.

அப்படியென்றால் இந்த சிஸ்டம் வீணா?

நிச்சயம் இல்லை. ஓடும்போது ஆணி ஏறி வேகமாகக் காற்று இறங்கினால், நாம் மீட்டரோடு இறங்கிப் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் காப்பாற்றுவது இந்த விளக்குதான். ஓடும்போது கவனிப்பது அதன் வேலை. நிற்கும்போது அளப்பது நம் வேலை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று அல்ல.

விளக்கு எரிந்தால் திடீர் பிரேக் போடாமல், வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டிப் பாருங்கள். காரை ஸ்டார்ட் செய்தவுடன் விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பல கார்களில் அதன் பொருள் வேறு. காற்று குறையவில்லை, சிஸ்டத்தில் கோளாறு. பழைய கார் என்றால் சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

பழைய காருக்கு வாங்கலாமா?

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிப் பொருத்தும் சென்சார் செட்கள் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. சிலவற்றில் டேஷ்போர்டில் ஒட்டும் சோலார் திரை இருக்கும். சில புளூடூத் வழியாக மொபைலில் காட்டும். பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம், பலவற்றில் சி.ஆர். 1632 பேட்டரி பயன்படுகிறது. வாங்கியவுடன் செட்டிங்ஸுக்குள் போய், எச்சரிக்கை அளவை உங்கள் காருக்கு ஏற்ப மாற்றுங்கள். அட்டை 33 என்றால் 29 அல்லது 30 வைக்கலாம். கம்பெனி சிஸ்டத்தில் இல்லாத வசதி இது. ஒன்று மட்டும் கவனம்: சென்சார் சரியாகத் திருகப்படவில்லை என்றால் அதன் வழியாகவே காற்று கசியும். பொருத்திய பின் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

நம் இதழின் வாசகர்களுக்குப் பிடித்த ஒரு செய்தியும் உண்டு. நேரடி வகை சென்சார்கள் அனுப்பும் ரேடியோ செய்தியில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு தனி அடையாள எண் இருக்கும். 2010இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாங்கள் சோதித்த சிஸ்டங்களில் இந்தச் செய்தி என்கிரிப்ட் செய்யப்படவில்லை என்றும், 40 மீட்டர் தூரத்திலிருந்து ஒட்டுக்கேட்க முடியும் என்றும் காட்டினார்கள். போலிச் செய்தி அனுப்பி, ஓடும் காரில் விளக்கை எரியவும் வைத்தார்கள். அதாவது காற்று சரியாக இருக்கும்போதும் விளக்கு எரியலாம். குறைவாக இருக்கும்போதும் எரியாமல் இருக்கலாம். கடைசித் தீர்ப்பு மீட்டருடையது.

முடிவாக

மாதம் இரண்டு முறை, நீண்ட பயணத்துக்கு முன் ஒரு முறை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்திடுங்கள். சீசனுக்குக் குற்றாலம் வரும் நண்பர்கள் ஊரிலிருந்து கிளம்பும் அன்று காலையே பார்த்துவிடுங்கள். இங்கு வந்த பிறகு பங்க்கில் கூட்டம் இருக்கும். டயரும் சூடாக இருக்கும்.

இந்தச் சீசனில் மைத்துனர் குடும்பம் மீண்டும் வருகிறது. அவருடைய புதிய காரில் நான்கு டயர்களின் எண்ணும் திரையில் தெரியுமாம். போனில் பெருமையாகச் சொன்னார். வந்த மறுநாள் காலை, கார் குளிர்ந்திருக்கும்போதே என் மீட்டரை வைத்து ஒத்துப் பார்க்கப் போகிறேன். ஸ்டெப்னி உட்பட.